வரி நோட்டில் என் பெயர்

ஆடி பிறந்த முதல் ஞாயிறு எங்கள் தெருவில் வரி நோட்டு இறங்கும். விழாக்குழுவில் மூன்று பேர் வருவார்கள். ஒருவர் கையில் நீட்டு நோட்டு, இன்னொருவர் கையில் மஞ்சள் பை. மூன்றாமவர் சும்மா வருவார். பாக்கி சொல்கிறவர்களிடம் நயமாகப் பேச ஓர் ஆள் வேண்டுமே. சேலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. கோட்டை மாரியம்மனுக்கு ஆடித் திருவிழா தொடங்கினால் ஊரில் உள்ள அத்தனை தெரு மாரியம்மனுக்கும் திருவிழாதான். பூச்சாட்டு, கம்பம், சக்தி அழைப்பு, பொங்கல், சத்தாபரணம் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். அதைத் தெருவே பங்கு போட்டுக்கொள்வதற்குப் பெயர் தலைக்கட்டு வரி. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. (பெண்கள் தலைக்கட்டு ஆகாத கதை தனி. என் மனைவி எழுதினால் இதைவிட நீளமாக வரும்.)

எங்கள் வீட்டில் மாடியில் அண்ணன் குடும்பம், கீழே நாங்கள். மூன்று பேரும் என் முன்னறையைத் தாண்டித்தான் மாடிப்படி ஏற வேண்டும். ஏறுவார்கள், அண்ணனிடம் வரி வாங்குவார்கள், இறங்குவார்கள். போகும்போது ஒருவர் என் வாசலில் நின்று, "என்ன கண்ணு, வேலை ஓடுதா?" என்று கேட்பார். நான் கொலுசுக்குச் சலங்கை பற்றவைத்துக்கொண்டே தலையாட்டுவேன். மஞ்சள் பை என் பக்கம் நீளாது.

எனக்குக் கல்யாணம் ஆனது 2008இல். தனி ரேஷன் கார்டு, தனிச் சமையல், பிளஸ் ஒன் படிக்கும் மகள். எந்தக் கணக்கில் பார்த்தாலும் நான் ஒரு தலைக்கட்டு. ஆனால் 16 ஆடிகள் என் வீட்டில் வரி வாங்கவில்லை. முதல் வருஷம் நானே பணத்தை எடுத்து நீட்டினேன். "உங்கிட்டப் போய் வாங்குவமா? உனக்கெதுக்குடா சிரமம்" என்று கையை மூடிவிட்டார்கள்.

உண்மையைச் சொன்னால் அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொலுசு வேலையில் கூலி எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்குப் புரியும். ஆயிரம் ரூபாய் மிச்சமானால் கசக்குமா? இதை எழுதாமல் விட்டால், பிறந்ததிலிருந்தே உரிமைப் போராளி என்பது போல ஆகிவிடும். அப்படியெல்லாம் இல்லை.

ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. செவ்வாய்ப்பேட்டையில் நான் வேலை வாங்கும் கடையில் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார்கள், கொலுசாக எடை போட்டு வாங்குவார்கள். சேதாரத்துக்கு மேல் இரண்டு கிராம் குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். எனக்கும் அதே கணக்கு, இரண்டு காலும் நன்றாக உள்ள பக்கத்துப் பட்டறைக்காரருக்கும் அதே கணக்கு. முதலாளி என்னை நிற்கவைத்துத் திட்டியிருக்கிறார். நிற்கவைத்து என்றால், நான் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருக்க அவர் கடைப்படியில் நின்று. திட்டு வாங்கிவிட்டு வரும் வழியில் எரிச்சலாக இருக்கும். ஆனால் தெருவுக்குள் நுழைந்ததும் "பாவம் அவன்" என்ற குரல் கேட்கும்போது இறங்குகிற கனம் அந்தத் திட்டில் இருந்ததில்லை.

போலியோ எனக்கு ஒன்றரை வயதில் வந்தது. நான் பிறந்த 1979இல்தான் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் போலியோ சொட்டு மருந்தைச் சேர்த்தார்கள். எங்கள் தெருவுக்கு அது வந்து சேர்வதற்குள் வைரஸ் முந்திக்கொண்டது. இயற்கையாகப் பரவும் அந்த வைரஸ் இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தையைத் தாக்கியது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழும் வந்துவிட்டது. காலிப்பர் மாட்டி நடக்கும் போலியோக் கால்களைப் பார்த்து வளர்ந்த கடைசித் தலைமுறை நாங்கள். என் மகளின் வகுப்பில் யாருக்கும் இது என்ன நோய் என்றே தெரியாது. "உங்கப்பாவுக்கு ஆக்சிடெண்ட்டா?" என்று கேட்கிறார்களாம்.

சின்ன வயதில் எனக்குத் திருவிழா என்றால் அப்பாவின் தோள். சேலத்தில் குகை என்ற பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கைக்குத் தூக்கிப் போவார். சிவனாகவும் காளியாகவும் வேஷம் கட்டிய மனிதர்கள் விளக்கு ஜோடித்த வண்டிகளில் அசையாமல் நின்று வருவார்கள். கூட்டத்திலேயே உயரமான இடம் என்னுடையது. நடந்து வந்த பையன்கள் எதையும் பார்க்க முடியாமல் எம்பிக்கொண்டிருக்க, நான் சாமிகளைக் கண்ணுக்கு நேராகப் பார்ப்பேன். பத்து வயதுக்கு மேல் அப்பாவுக்கு முதுகு விட்டுப்போனது. அதற்கப்புறம் "நீ வீட்ல இரு கண்ணு, பொரி வாங்கிட்டு வரேன்" என்றார். பொரி வந்தது. வருஷா வருஷம் வந்தது.

அப்புறம் இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் கிடைத்தது. தெருவில் எல்லோரும் சைடு வீல் வண்டி என்பார்கள். அது வந்தபின் யார் தோளும் தேவைப்படவில்லை. எங்கள் தெருக் கோயில் அப்போது தரைமட்டத்தில் இருந்தது. வாசல் வரை வண்டி, அங்கிருந்து கட்டையை ஊன்றி நாலு தப்படி, நேரே அம்மன். தீபாராதனையைக் கையில் ஒற்றிக்கொண்டு திரும்புவேன். கோயிலைப் பற்றி நான் யோசித்ததே இல்லை, அவ்வளவு சுலபமாக இருந்தது.

2022இல் கும்பாபிஷேகம் நடந்தது. தெருவில் ரோடு போடும்போதெல்லாம் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு ரோடு ஏறிவிட்டது, கோயில் பள்ளமாகிவிட்டது, மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது என்று திருப்பணியில் தரையை உயர்த்தினார்கள். அதோடு முன்னால் ஒரு மண்டபமும் கட்டினார்கள். காரணம் நியாயமானது. ஆனால் ஒரேயடியாக இரண்டரை அடி. ஐந்து கிரானைட் படி, பளபளவென்று, பிடிமானம் இல்லாமல். கும்பாபிஷேகத்தன்று நான் ரோட்டில் வண்டியில் உட்கார்ந்து தலையை மேலே தூக்கிக் கலசத்தைப் பார்த்தேன். இரண்டு பையன்கள் ஓடிவந்து, "அண்ணா, தூக்கிட்டுப் போறோம்" என்றார்கள். நல்ல பையன்கள். 43 வயதில், மகள் பார்க்க, அக்குளில் இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்க வேண்டுமா என்று யோசித்தேன். வேண்டாம் என்றேன். பிரசாதம் வண்டிக்கே வந்தது.

இந்த 'வண்டிக்கே', 'வீட்டுக்கே' என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் நான் பார்த்த கல்யாண மண்டபங்களில் பாதிக்கு மேல் பந்தி மாடியில், அல்லது படியிறங்கிப் போகும் அடித்தளத்தில். லிஃப்ட் இருந்தால் அதில் சாப்பாட்டு அண்டாக்கள் போய்க்கொண்டிருக்கும். அதனால் என் சாப்பாடு கீழே வரும். யாராவது தம்பி முறைப் பையன் இலையை மடித்துத் தட்டில் வைத்துக் கொண்டுவருவான். ரசம் தனி டம்ளரில். பாயசத்தை மறந்துவிடுவான். மற்றவர்கள் மேலே போய் வருவதற்குள் நான் கீழே சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்பதாலும், என் கையெழுத்து மணிமணியாக இருக்கும் என்பதாலும், எங்கள் சொந்தத்தில் மொய் எழுதும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. இருபது வருஷமாக யார் எவ்வளவு செய்தார் என்பது எனக்கு மனப்பாடம். இந்தச் சாதியில் என்னைவிட ஆபத்தான ஆள் கிடையாது. ஆனால் அந்த நோட்டிலும் என் பெயர் ரொம்ப நாள் தனியாக ஏறவில்லை. அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் 'தம்பியும் சேர்த்து' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் பெட்டியே வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்கள். 85 வயது தாண்டியவர்களுக்கும், 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்களுக்கும் அந்த வசதி. 12டி என்று ஒரு படிவம். படுக்கையில் இருப்பவர்களுக்கு அது பெரிய விஷயம். அதைக் குறை சொல்ல மாட்டேன். படிவம் கொண்டுவந்த அம்மாவிடம், நான் பூத்துக்கே வருகிறேன் என்றேன். "எதுக்குங்க சிரமம், வெயில் வேற" என்றார். ஏப்ரல் 19, சேலத்து வெயில், அவர் சொன்னது சரிதான். ஆனாலும் போனேன். பள்ளிக்கூட வாசலில் சாய்தளம் இருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் கட்சிக்காரர் ஒருவரைக் காதில் கேட்க முடியாத வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற பாட்டி தன் மருமகளைப் பற்றி முழு அறிக்கை வாசித்தது. வீட்டிலேயே ஓட்டுப் போட்டிருந்தால் இதெல்லாம் எனக்குக் கிடைத்திருக்குமா?

சாய்தளம் என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் தெருவில் சாய்தளம் இல்லாத வீடே கிடையாது. ரோடு உயர உயர, வீட்டு வாசலும் உயர்ந்தது. ராத்திரி பைக்கை உள்ளே ஏற்ற வேண்டும். எல்லோரும் படிக்குப் பக்கத்தில் சிமெண்டில் ஒரு சரிவு போட்டுவிட்டார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் மனு கொடுக்கவில்லை. ஹோண்டாவுக்கும் ஹீரோவுக்கும் ஏறும் சரிவு சக்கர நாற்காலிக்கு ஏறாது என்பது வேறு. அது மலைபோல நிற்கும். கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு: ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். அப்போதுதான் யாரும் தள்ளாமல் தானே ஏறலாம், ஏறும்போது பின்பக்கம் சாயாது. கோயில் மேஸ்திரியிடம் இதைச் சொன்னேன். இரண்டரை அடிக்கு 30 அடி என்று விரலால் கூட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கோயிலே முப்பதடி இல்லியேப்பா." ஒரே நீட்டாக வேண்டாம், பக்கச்சுவரை ஒட்டி 15 அடி போய்த் திரும்பி இன்னொரு 15 அடி, நடுவில் ஒரு சமதளம் என்று தரையில் கோடு போட்டுக் காட்டினேன். சிரிப்பை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கோட்டையே பார்த்தார். "ஆகும். ஆனா கமிட்டி சொல்லணும்."

சட்டம் என்ன சொல்கிறது என்று எங்கள் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் ஒரு தோழர் வகுப்பெடுத்தார். பார்வை இல்லாதவர், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் பிரிவுகளை அவர் சொல்லும்போது கோயிலில் சகஸ்ரநாமம் கேட்பது போல இருக்கும். 1995 சட்டத்தில் 7 வகை ஊனம் மட்டுமே இருந்தது, இதில் 21. ஐந்தாவது பிரிவு, சமுதாயத்தில் எல்லோரோடும் வாழும் உரிமை. எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது 'பொதுக் கட்டடம்' என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தைக் கேட்டபோதுதான். அரசுக் கட்டடமோ தனியார் கட்டடமோ, பொதுமக்கள் வந்துபோகிற எதுவும் அதில் வரும். மதக் காரியங்களுக்கான கட்டடம் என்று தனியாகவே குறிப்பிட்டிருக்கிறது. பழைய கட்டடங்களைச் சரிசெய்ய விதிகள் வந்ததிலிருந்து ஐந்து வருஷம் கெடு. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனில் முடிந்தது. அதே வருஷம் எங்கள் கோயிலில் படி கட்டினார்கள். 2024 நவம்பர் 8இல் உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது. சட்டம் கட்டாயம் என்று சொல்வதை விதி வெறும் பரிந்துரையாக நீர்த்துப்போகச் செய்திருக்கிறது, அந்த 15(1)ஆவது விதி செல்லாது, கட்டாயமானவற்றைத் தனியாகப் பிரித்து மூன்று மாதத்தில் எழுது என்று அரசுக்கு உத்தரவு.

"திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடு. நான் கூட வரேன்" என்றார் தோழர். எழுதினேன். நாலு பக்கம், பிரிவு எண்களோடு. அந்த மனு இன்னும் என் வெள்ளிப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. கொடுக்கவில்லை. தோழர் இதைக் கோழைத்தனம் என்றார். இருக்கலாம். அதிகாரி மேல் மனு கொடுப்பது வேறு, அம்மாவின் சாவுக்குப் பந்தல் போட்டவர்கள் மேல் மனு கொடுப்பது வேறு. என் மகள் இதே தெருவில் ராத்திரி டியூஷன் முடிந்து தனியாக நடந்து வருகிறாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு சித்தப்பாவோ அத்தையோ உட்கார்ந்திருப்பதால்தான் நான் பயமில்லாமல் வேலை பார்க்கிறேன். ஆனால் மனு எழுதியது வீண் என்றும் சொல்ல மாட்டேன். நாலு பக்கம் எழுதிய பிறகு 'உதவி செய்யுங்கள்' என்ற வார்த்தை என் வாயில் வருவது நின்றுவிட்டது.

தோழர் இன்னொன்றும் கேட்டார். அதுதான் ரொம்பச் சுட்டது. "சாய்தளம் கட்டிட்டா உன் பிரச்சினை தீந்துடும். எனக்கு?" பக்கத்துத் தெருவில் ஒரு பையன், 19 வயது, மனவளர்ச்சிக் குறை. திருவிழா ஐந்து நாளும் அவன் அறையில் பூட்டியிருப்பான். கூட்டத்தில் தொலைந்துவிடுவான், மைக் செட் சத்தத்தில் கத்துவான் என்று அவன் அம்மாவும் வெளியே வருவதில்லை. அந்தப் பையனுக்குப் படி ஒரு தடையே இல்லை; ஐந்தென்ன, ஐம்பது படிகூட ஓடி ஏறுவான். அவனுக்கு வேண்டியது காலையில் கூட்டம் சேரும் முன்பு ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு அரை மணி நேரம், அவனைத் தெரிந்த இரண்டு பேர். செலவே இல்லாத வேலை. என் முப்பதடிச் சரிவில் மட்டும் கண்ணாக இருந்த எனக்கு இது தோன்றவே இல்லை.

2025 ஏப்ரலில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக வைக்கும் மசோதாக்கள் சட்டமன்றத்தில் நிறைவேறின. சங்கத்தில் கேக் வெட்டினோம். எங்கள் மாநகராட்சி 60 வார்டு. அந்த மன்றத்தில் எங்களில் ஒருவருக்கு நாற்காலி. கேக்கைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வரும்போதுதான் எனக்கு உறைத்தது. மன்றத்தில் பேச வழி பிறந்தது. என் தெருக் கூட்டத்தில் எனக்குப் பேச்சு கிடையாது. ஏனென்றால் எங்கள் கோயிலில் வரி கட்டினவர்தான் கணக்குக் கேட்கலாம். அது எழுதாத விதி, ஆனால் எந்த நீதிமன்றத்தாலும் நீர்த்துப்போகாத விதி. இரண்டு வருஷம் முன்பு படியைப் பற்றி நான் வாயெடுத்தபோது யாரும் 'நீ வரி கட்டல' என்று சொல்லவில்லை. "உனக்கு எல்லாம் நாங்க பாத்துக்கறோம் கண்ணு" என்றார்கள். அதற்கு அர்த்தம் அதுதான்.

போன ஆடி முதல் ஞாயிறு அவர்கள் மாடியேறி இறங்கும்போது என் ஸ்கூட்டரை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தியிருந்தேன். பொருளாளர் எனக்கு மாமா முறை.

"வண்டியை எடு மாப்ள."

"வரியை வாங்கிக்கிட்டுப் போங்க மாமா." இரண்டாயிரத்தை நீட்டினேன்.

"உங்கிட்ட வாங்குனா எங்களுக்குப் பாவம்டா. அம்மனே ஏத்துக்க மாட்டா."

"அம்மன் சொன்னாளா?"

"ஏடாகூடமாப் பேசாத. உண்டியல்ல வேணா போடு, உன் திருப்திக்கு."

உண்டியல் என்றால் யார் வேண்டுமானாலும் போடலாம். வெளியூர்க்காரன்கூடப் போடலாம். எனக்குக் கோபத்தில் வாய் குழறியது. அதுவரை அடுப்படியில் இருந்த என் மனைவி கரண்டியோடு வந்தாள். "அப்ப எங்க வீடு இந்தத் தெருவுல இல்லீங்களா பெரியப்பா? சொல்லிட்டீங்கன்னா ஓமலூருக்கே போயி எங்கப்பா தெருவுல வரி கட்டிக்கறோம்." இவளை என் தெரு ஒரு தியாகியாக வைத்திருக்கிறது; 'உன்னைக் கட்டிக்கிட்டாளே' என்று என்னிடமே சொல்வார்கள். தியாகி கரண்டியோடு நிற்பதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. மாமா நோட்டைத் திறந்தார். எங்கள் தெருவில் ஒரே பெயரில் நாலைந்து பேர் உண்டு என்பதால் ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஓர் அடையாளம் எழுதுவார்கள்: டீக்கடை, பால், கரண்டு ஆபீஸ். என் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார். அவர் மனதில் என்ன அடையாளம் ஓடியது என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து கேட்ட வார்த்தைதானே. கடைசியில் 'கொலுசு' என்று எழுதினார்.

திருவிழா முடிந்து மூன்றாம் வாரம் கணக்கு ஒப்படைப்பு. கூட்டம் மேலே மண்டபத்தில், நான் கீழே ரோட்டில் வண்டியில். மைக் ஒயர் இரண்டாவது படிவரைதான் எட்டியது. ஒரு பையன் மூன்று படி இறங்கி என் பக்கம் மைக்கை நீட்டிக்கொண்டு வளைந்து நின்றான். மேஸ்திரியின் மதிப்பீட்டை வாசித்தேன். தலைக்கட்டுக்கு 200 ரூபாய் கூடினால் இரண்டு வருஷத்தில் கட்டிவிடலாம் என்றேன். காலையில் அரை மணி ஸ்பீக்கரை நிறுத்துவதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் மேலே இருந்து பால்கார அண்ணன் எழுந்தார்.

"ஏண்டா, ஒருத்தன் ஏறுறதுக்குத் தெருவே இருநூறு ரூபா அழுவணுமா? போன வருஷம் சீரியல் லைட்டுக்கே கேட்டு மானம் போச்சு."

"சீரியல் லைட்டு ஒருத்தருக்கும் உதவல, அதுக்குக் குடுத்தீங்கல்ல?"

"எதுக்கெடுத்தாலும் சட்டம் பேசுறான் பாரு."

"இன்னும் நான் சட்டமே பேசலண்ணா."

யாரோ விசிலடித்தார்கள். பொருளாளர் இடையில் புகுந்து அடக்கினார். என் கைகள் நடுங்கின. 46 வருஷத்தில் அந்தத் தெருவில் ஒருவர் எழுந்து நின்று என்னோடு சண்டை போட்டது அதுதான் முதல் தடவை. ஸ்பீக்கர் விஷயம் ஒப்புக்கொண்டார்கள். அதில் காசு இல்லையே. சாய்தளத்தை அடுத்த ஆடிக்கு முன் பேசலாம் என்று தள்ளிவைத்தார்கள். மேஸ்திரி மட்டும் மறுநாள் வந்து சுவர் ஓரம் அளந்துவிட்டுப் போனார். யார் சொல்லி வந்தார் என்று சொல்லவில்லை.

அதே வாரம் பால்கார அண்ணன் பேத்தியின் கொலுசோடு வந்தார். திருகு அறுந்து இரண்டு சலங்கை போயிருந்தது. வாசல்படியில் உட்கார்ந்து, இருநூறு ரூபாய் எவ்வளவு அநியாயம் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் பற்றவைத்து, மெருகு போட்டுக் கொடுத்தேன். கூலி 150.

"வரி ஆளுக்கு வரி ஆளு, அம்பது கொறச்சுக்கடா."

குறைக்கவில்லை.